கொடுத்தவர் கணக்கு: நோபலின் 'மனிதகுல'மும் பள்ளிபாளையத்து உடல்களும்

1

1895 நவம்பர் 27 அன்று பாரிஸ் நகரில் ஆல்ஃபிரெட் நோபல் தன் உயிலில் கையெழுத்திட்டார். டைனமைட்டுக்கு 1867-ல் காப்புரிமை வாங்கியவர். சகோதரர்களோடு சேர்ந்து பாகுவின் எண்ணெய்த் தொழிலில் பங்கு வைத்திருந்தவர். புகையில்லா வெடிமருந்தை ராணுவங்களுக்கு விற்றவர். 1896-ல் அவர் இறந்தபின் பரிசு நிதிக்கென்று சேர்ந்தது சுமார் 3 கோடியே 10 லட்சம் ஸ்வீடிஷ் குரோனர். இந்தப் பணத்தை முதலீடு செய்து, வருகிற வட்டியை ஆண்டுதோறும் மனிதகுலத்துக்கு மிகப் பெரிய நன்மை செய்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பது உயிலின் சாரம். 1901 முதல் அப்படியே கொடுத்து வருகிறார்கள்.

வெடிமருந்து விற்ற காசில் சமாதானப் பரிசா என்கிற பழைய கேள்வியை இங்கே எழுப்பப் போவதில்லை. அது நூறு வருஷமாகக் கேட்கப்பட்டுத் தேய்ந்துபோன கேள்வி. நமது கேள்வி வேறு. உயிலில் வருகிற அந்த 'மனிதகுலம்' என்பது யார்? ஒரு நன்மை செய்யப்படுகிறது என்றால் பெறுபவர் ஒருவர் இருக்கிறார், செய்பவர் ஒருவர் இருக்கிறார். சில நன்மைகளில் மூன்றாவதாகவும் ஒரு ஆள் உண்டு. யாருடைய உடம்பிலிருந்து அந்த நன்மை எடுக்கப்படுகிறதோ, அந்த ஆள். பரிசுகளின் வரலாற்றில் இந்த மூன்றாவது ஆள் எங்கே நிற்கிறார்?

பொதுவாகப் பேசினால் இதற்குப் பதில் கிடைக்காது. பரிசு பெற்ற ஒரே ஒரு நன்மையை எடுத்துக்கொண்டு, அது கிளம்பிய இடத்திலிருந்து வந்து சேர்ந்த இடம்வரை போய்ப் பார்ப்போம். சிறுநீரக மாற்று அறுவை அப்படியான நன்மை. கிளம்பிய இடம் பிரான்சின் லியோன் நகரம். வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று பள்ளிபாளையம். ஈரோட்டுக்கு எதிர்க்கரையில், காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வருகிற விசைத்தறி ஊர். 1997-ல் சேலம் மாவட்டத்தைப் பிரித்தபோது நாமக்கல்லோடு போனது. இரண்டுமே துணி நெய்கிற ஊர்கள் என்பதை இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்ளலாம்.

2

1894 ஜூன் 24 அன்று லியோனில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் இத்தாலிய அராஜகவாதி கசேரியோ. ஈரலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் அறுந்துபோயிற்று. அறுந்த இரத்தக்குழாயைத் தைத்து இணைக்கிற வித்தை அன்றைக்கு எந்த மருத்துவரிடமும் இல்லை. தலைவர் இறந்தார். லியோனில் அப்போது மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இளைஞர் அலெக்சி காரெல், இதைத் தைக்க முடியாதா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அவர் இதற்காகத் தேடிப்போனது எந்தப் பேராசிரியரையும் அல்ல. பட்டுக்குப் பேர்போன அந்த ஊரில் நுண்ணிய எம்பிராய்டரி வேலை செய்துவந்த லெரூதியே என்கிற பெண்ணிடம் போனார். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஊசியும் பட்டிழையும் வைத்துத் தைக்கும் கைப்பழக்கத்தை அவரிடம் கற்றுக்கொண்டார். 1902-ல் இரத்தக்குழாய் தைக்கும் முறையை வெளியிட்டார். பிறகு அமெரிக்கா போனார். 1912-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வந்தது. இரத்தக்குழாய்த் தையலுக்கும், குழாய்களையும் உறுப்புகளையும் இடம்மாற்றி வைத்ததற்கும்.

உறுப்பு மாற்று வரலாற்றின் முதல் தையல் ஒரு நெசவு நகரத்துப் பெண்ணின் விரலிலிருந்து வந்தது. பரிசுப் பட்டியலில் அந்த விரல் இல்லை. இது ஏதோ மறதியால் நடந்ததென்று நாம் கருதவில்லை. 'கண்டுபிடிப்பு' என்கிற சொல்லாடல் மூளையை உயர்த்தி வைக்கிறது. கையைக் கருவியாக்கி விடுகிறது. கருவிக்கு யாராவது பரிசு கொடுப்பார்களா?

இதே காரெல் 1935-ல் 'மனிதன் – அறியப்படாதவன்' என்று ஒரு நூல் எழுதினார். மனித இனத்தைத் தரம் உயர்த்துவது பற்றிய நூல். கொடிய குற்றவாளிகளையும், குற்றம் செய்த மனநோயாளிகளில் ஒரு சாராரையும் விஷவாயு வைத்து 'மனிதாபிமானத்தோடு' அகற்றிவிடலாம் என்று அதில் சிபாரிசு செய்தார். மனிதகுலத்துக்கு நன்மை செய்ததாகப் பரிசு பெற்றவருக்கே மனிதகுலத்தில் யாரையெல்லாம் சேர்ப்பது, யாரைக் கழிப்பது என்பது திறந்த கேள்வியாகத்தான் இருந்தது.

பிறகு வந்த பரிசுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடுத்தவர் உடலின் திசுவை நம் உடல் ஏன் ஏற்பதில்லை, எப்போது ஏற்கும் என்று ஆராய்ந்ததற்கு மெடவார், பர்னெட் – 1960. திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கிற மரபணுக் கூறுகளுக்கு ஸ்னெல், தோசே, பெனாசெராஃப் – 1980. உடலின் எதிர்ப்பை அடக்கும் அசதையோப்ரின் உள்ளிட்ட மருந்துகளுக்காக ஹிட்சிங்ஸ், எலியன் (ஜேம்ஸ் பிளாக்கோடு பகிர்ந்து) – 1988. சிறுநீரக மாற்று அறுவைக்காக ஜோசப் முர்ரே (எலும்பு மஜ்ஜை மாற்றுக்காகத் தாமசோடு பகிர்ந்து) – 1990. ஒரே நன்மையைச் சுற்றி ஐந்து பரிசுகள். ஐந்தும் தகுதியான வேலைகளுக்குக் கிடைத்தவை. அதில் நமக்குச் சந்தேகமில்லை.

3

முர்ரேயின் பரிசுக்குக் காரணமான அறுவை 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் நடந்தது. ரிச்சர்ட் ஹெரிக், ரொனால்ட் ஹெரிக் இருவரும் ஒருகரு இரட்டையர்கள். ரிச்சர்டின் சிறுநீரகங்கள் செத்துக்கொண்டிருந்தன. ரொனால்ட் ஒன்றைக் கொடுத்தார். ரொனால்டின் வயிற்றைத் திறந்து சிறுநீரகத்தை எடுத்தவர் ஹார்ட்வெல் ஹாரிசன் என்கிற மருத்துவர். ரிச்சர்டின் உடலில் பொருத்தியவர் முர்ரே. பரிசு பொருத்தியதற்குத்தான்.

இங்கொன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை மருத்துவர்களின் கத்தி எந்த உடலில் பட்டாலும் அந்த உடலின் நலனுக்காகவே பட்டதாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. ஒரு நோயும் இல்லாத ஆளைப் படுக்கவைத்து, அவருக்கு எந்த உடல்நன்மையும் இல்லாத ஒரு பெரிய அறுவையைச் செய்வது என்பது மருத்துவ அறத்தையே புரட்டிப் போடுகிற காரியம். பாஸ்டன் மருத்துவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. நிறைய விவாதித்த பிறகே செய்தார்கள். அண்ணன் தம்பிப் பாசம் அந்த விவாதத்தை முடித்துவைத்தது எனலாம்.

ரிச்சர்ட் இன்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ரொனால்ட் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்து 2010 வரை, 79 வயதுவரை இருந்தார். ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம் என்பதற்கு எல்லோரும் அவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். வாழலாம்தான். வாத்தியார் வேலையும், வேளாவேளைக்குச் சாப்பாடும், சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரியும் இருந்தால். இந்த 'இருந்தால்' என்பதுதான் கடல் கடந்து வரும்போது தொலைந்து போயிற்று.

இரட்டையர்களுக்கு மட்டுமே சாத்தியமாக இருந்த ஒன்று, மருந்துகள் வர வர இரத்த உறவுகளுக்கும், பிறகு அந்நியர்களுக்கும் சாத்தியமானது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் 1983-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதோடு இந்தத் தடை பெருமளவு உடைந்தது. உயிரைக் காப்பாற்றிய மருந்து அது. கூடவே இன்னொன்றும் நடந்தது. யார் கொடுக்கலாம் என்பதை அதுவரை இரத்தம் தீர்மானித்தது. இனிமேல் அதைப் பணம் தீர்மானிக்கலாம் என்றாயிற்று.

4

இந்தியாவில் உயிரோடிருப்பவரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தை வெற்றிகரமாகப் பொருத்தும் அறுவை 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சென்னை உலகறிந்த சிறுநீரகச் சந்தை ஆனது. வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று பத்திரிகைகள் எழுதின. ஏழ்மையைக் கேலிசெய்கிற பட்டப்பெயர் அது. வாங்கியவர்கள் குடியிருந்த தெருக்களுக்கு அப்படி ஒரு பெயரும் வைக்கப்படவில்லை.

1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. விற்பதும் வாங்குவதும் குற்றமென்றது. ஆனால் நெருங்கிய உறவல்லாதவரும் 'அன்பு, பற்று' காரணமாகக் கொடுக்கலாம், அனுமதிக் குழு ஒப்புக்கொண்டால் போதும் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. உண்மையான நட்புக்காக வைத்த வாசல்தான். ஆனால் கடனில் மூழ்கிய ஒரு தறிக்காரர், அதுவரை பார்த்தேயிராத ஒரு பணக்காரர்மீது திடீரென்று கொள்ளை அன்பு கொண்டதாகத் தாளில் எழுதிக் கொண்டுவந்தால் போதும் என்கிற நிலையும் அதே வாசல் வழியாகத்தான் வந்தது. அன்பு என்கிற சொல்லை இவ்வளவு மலிவாக வேறெந்த அரசாங்கப் படிவமும் பயன்படுத்தியிருக்குமா தெரியாது.

2001-ல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து மாதவ் கோயல் உள்ளிட்டோர் ஓர் ஆய்வு செய்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவக் கழக ஏட்டில் அது வெளியானது. அதன் எண்களைப் பாருங்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். 71 சதவீதம் பேர் பெண்கள். கிடைத்தது சராசரியாக 1070 டாலர். பேசியது அதைவிட அதிகம். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நான்கில் மூன்று பேர் இன்னும் கடனில்தான் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். இன்னொருத்தருக்கு இதைச் செய்யச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் மாட்டோம் என்றார்கள்.

இந்த ஆய்வு வந்து ஐந்து வருஷம் கழித்து, 2007-ல், பொருளாதார நோபல் பெற்ற (1992) கேரி பெக்கர், எலியாஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். சிறுநீரகத்துக்கு விலை கொடுத்துவிட்டால் பற்றாக்குறை தீரும். அமெரிக்காவில் சுமார் 15,000 டாலர் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். (பொருளாதாரத்துக்கான பரிசு நோபலின் உயிலில் இல்லாதது, 1968-ல் ஸ்வீடன் மத்திய வங்கி ஏற்படுத்தியது என்பது தனிக்கதை.) தேவைக்கேற்ற விலை வைத்தால் சரக்கு வரும் என்பது அவர் தர்க்கம். வரத்தான் செய்யும். வில்லிவாக்கத்தில் வந்ததே! சரக்கு வந்தபிறகு அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் 305 பேரின் பதில். அதே பொருளாதாரப் பரிசு 2012-ல் ஆல்வின் ராத்துக்கும் கிடைத்தது. பொருந்தாத ஜோடிகளுக்குள் காசில்லாமல் சிறுநீரகத்தை மாற்றிக்கொள்ளும் முறையை வகுத்தது அவருடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. கொடுப்பவரைக் கணக்கில் சேர்த்த வேலை அது. ஆகவே பரிசு என்றாலே ஒரே குரல் என்றும் சொல்லிவிட முடியாது.

5

இனிப் பள்ளிபாளையத்துக்கு வரலாம். காகித ஆலையும் சர்க்கரை ஆலையும் இருந்தாலும் ஊரின் சத்தம் தறிச் சத்தம்தான். பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்து விசைத்தறிகளில் வேலைக்குச் சேர்வது என்றால் 'பாக்கி' வாங்குவது என்று அர்த்தம். முதலாளி கொடுக்கிற முன்பணத்துக்குத் தொழிலாளி வைத்த பெயர் அது. கைக்கு வரும்போதே 'பாக்கி' என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிற பணம். தறியைவிட்டுப் போவதானால் பாக்கியைக் கட்டிவிட்டுப் போகணும். கையில் இல்லையென்றால் அடுத்த தறிக்காரர் கட்டுவார். கடன் அவர் பேருக்கு மாறும், ஆளும் மாறுவார். குமாரபாளையம், பவானிப் பகுதிகளில் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நீவ் இந்தப் பாக்கி முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. பாக்கிக்கு அந்தச் சட்டம் கண்ணில் படவில்லை போலும்.

கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைகள் படிப்பு, நூல் விலை ஏறித் தறி நின்ற வாரங்கள் என்று எல்லாமே கடன்தான். பாக்கி போதாதபோது கந்துவட்டி. 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு வேறொரு கடன் பெருகியது: பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கிற வாரக்கடன், குழுக்கடன்.

இந்தக் குழுக்கடனுக்கும் ஒரு நோபல் உண்டு. 1976-ல் வங்கதேசத்தின் சிட்டகாங் அருகே ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் கடன் கொடுத்துத் தொடங்கினார் முகம்மது யூனுஸ். 1983-ல் அது கிராமீன் வங்கியானது. 1984-ல் மகசேசே விருது, 1994-ல் உலக உணவுப் பரிசு, 2006-ல் வங்கிக்கும் அவருக்குமாக அமைதிக்கான நோபல். ஈடு கேட்காமல் ஏழைப் பெண்ணை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று காட்டியது பெரிய காரியம்தான். கந்துவட்டிக்காரனிடமிருந்து பலரை அது விடுவித்தது. ஆனால் ஈடு இல்லை என்பது முழு உண்மையல்ல. அந்தப் பெண்ணின் மானம் ஈடாக வைக்கப்பட்டது. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்காரணும். அண்டை வீட்டாரையே வசூல்காரர் ஆக்கிவிடுகிற ஏற்பாடு அது. லாபத்துக்காக நடக்கும் நிறுவனங்கள் இந்த முறையைக் கையிலெடுத்தபோது என்னவாயிற்று என்பதை 2010-ல் ஆந்திரம் பார்த்தது. தற்கொலைகளுக்குப் பிறகு அரசு அவசரச் சட்டம் போட வேண்டிவந்தது. தமிழகச் சட்டமன்றம் கடன் வசூல் அடாவடிக்கு எதிரான மசோதாவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது.

யூனுஸின் சொந்த நாட்டில், ஜாய்பூர்ஹாட் மாவட்டத்துக் காலாய் பகுதியில் சிறுநீரகம் விற்ற ஏழைகளைப் பற்றி மானிடவியலாளர் மோனிர் மோனிருஸ்ஸமான் எழுதியிருக்கிறார். விற்றவர்களில் பலர் சிறுகடன் தவணையைக் கட்ட முடியாமல் விற்றவர்கள். பள்ளிபாளையத்துக்கும் காலாய்க்கும் ஆயிரம் மைலுக்கும் மேல். கதை ஒன்றுதான்.

பள்ளிபாளையத்துத் தறித்தொழிலாளர் சிறுநீரகம் விற்பது பற்றி இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகைகள் எழுதிவந்திருக்கின்றன. 2025 ஜூலையில் அது மறுபடி வெடித்தது. கடனில் இருக்கும் தொழிலாளர்களைத் தரகர்கள் தேடிப்பிடித்து வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டிப்போனார்கள் என்ற புகார் எழுந்தது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. திருச்சி, பெரம்பலூர் மாவட்டங்களில் இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்புமாற்று அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றை நியமித்தது. 'ஒண்ணு போனா என்னங்க, இன்னொண்ணு இருக்குதுல்ல' என்பது தரகு பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் சொல்கிற வாசகம். பாவு பீமைத் தூக்கிவைத்து, பன்னிரண்டு மணிநேரம் நின்றபடி, ராத்திரி ஷிஃப்டும் பார்க்கிற உடம்புக்கு அந்த 'இன்னொண்ணு' போதுமா என்று தரகர் ஏன் யோசிக்கப் போகிறார்?

மனிதகுலத்துக்கு நன்மை என்று மதிக்கப்பட்ட இரண்டு காரியங்கள் – 1990-ன் அறுவையும் 2006-ன் கடனும் – பள்ளிபாளையத்தில் ஒரே ஓட்டு வீட்டுக்குள் வந்து சந்திக்கின்றன. ஒன்று அந்த வீட்டுக்குத் தவணையைக் கொண்டுவந்தது. இன்னொன்று தவணை கட்டுவதற்கு வழி காட்டியது. முர்ரேயோ யூனுஸோ இதை விரும்பவில்லை, செய்யவுமில்லை. தனிமனிதர்களின் குற்றத்தை நாம் தேடவில்லை. நன்மையை எண்ணுகிற முறையில் இருக்கிற ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டுகிறோம். பெற்றவர்களின் ஆயுள் கூடியதை எண்ணுகிறார்கள். கடன் வாங்கியவர்களின் தொகையை எண்ணுகிறார்கள். கொடுத்தவர் உடம்பு எந்தப் பத்தியிலும் இல்லை.

6

சில தோழர்கள் கேட்கலாம்: அப்படியானால் உறுப்பு மாற்றே வேண்டாமா? சாகிறவன் சாகட்டுமா? இல்லை. தறிக்காரர் வீட்டிலும் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிசுக்குப் பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் இந்த மருத்துவம் வேண்டும். 2008 முதல் தமிழக அரசு ஒழுங்குபடுத்தி நடத்துகிற மூளைச்சாவுக் கொடையில் வாங்குவதும் விற்பதும் இல்லாமல் உறுப்பு கிடைக்கிறது. அது வளர வளரத் தரகருக்கு வேலை குறையும். விஞ்ஞானத்தை எதிர்ப்பது நம் வேலையல்ல. அதன் லாபம் ஒரு பக்கமும் தழும்பு இன்னொரு பக்கமும் போய்ச் சேருகிற ஏற்பாட்டைத்தான் எதிர்க்கிறோம்.

இன்னொரு வாதமும் உண்டு: அவரவர் உடம்பு, அவரவர் விருப்பம், சம்மதித்துத்தானே விற்கிறார்கள்? தாராளவாதிகளின் இந்தச் 'சம்மதம்' தவணை நாளுக்கு முந்தின ராத்திரி வாங்கப்படுகிற சம்மதம். 96 சதவீதம் பேர் ஒரே காரணத்துக்காகச் சம்மதிக்கிறார்கள் என்றால் அதற்குப் பெயர் விருப்பமா?

நோபலுக்கு வெளியிலும் பரிசுகள் இருக்கின்றன. சுற்றுச்சூழலுக்கும் ஏழைகளின் வாழ்வுக்கும் ஒரு பரிசு வையுங்கள் என்று யாகோப் வான் உக்ஸ்குல் நோபல் நிறுவனத்தைக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். தன் தபால்தலைச் சேகரிப்பை விற்ற காசில் 1980-ல் அவர் தொடங்கிய 'வாழ்வாதார உரிமை விருது' 2008-ல் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதிக்கு வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அந்தக் கீழத்தஞ்சை மண்ணிலேயே தங்கி, நிலமற்ற பெண்கள் பேரில் நிலம் எழுதிவைக்கப் பாடுபட்டவர்கள். அந்த வேலையிலும் வங்கிக் கடன் இருந்தது. ஆனால் அது அந்தப் பெண்ணுக்கு நிலத்தைத் தந்த கடன். அவர்களுடைய காந்திய வழியோடு நமக்கு விவாதங்கள் உண்டு. எனினும் இங்கே 'மனிதகுலம்' என்பதற்கு முகவரி இருந்தது, சர்வே எண் இருந்தது.

பரிசுகளைத் திருத்துவது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பவற்றைப் பேசுவோம். 2011 திருத்தத்துக்குப் பிறகு உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சட்டத்தின் வார்த்தைப்படி விற்றவரும் குற்றவாளிதான். அதனால் ஏமாற்றப்பட்டவர் வாயைத் திறப்பதில்லை. அந்த மௌனம்தான் தரகரின் மூலதனம். ஆகவே முதல் கோரிக்கை: விற்றவரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, சாட்சியாக ஏற்க வேண்டும். இரண்டாவது: எப்படிக் கொடுத்திருந்தாலும் சரி, ஒரு சிறுநீரகத்தோடு இருக்கிற ஒவ்வொருவருக்கும் அரசு மருத்துவமனையில் ஆயுள் முழுக்க இலவசப் பரிசோதனை, தனியே பதிவேடு. மூன்றாவது: பாக்கியைக் கொத்தடிமைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதும், தறிக்கூலி பேசும்போது தொழிலாளியின் கடனையும் சேர்த்துப் பேசுவதும். இதைச் சங்கங்கள்தான் செய்ய முடியும்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. காரெலின் பெயர் கலைக்களஞ்சியங்களில் இருக்கிறது. லெரூதியேயின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பள்ளிபாளையத்தில் இடுப்புக்கு மேலே நீளத் தையலோடு தறி ஓட்டுகிறவர்களின் வரலாற்றை, அவர்கள் பெயரைக் காட்டிக்கொடுக்காமல், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைக்க இன்னும் யாரும் உட்காரவில்லையென்றால் நாம் உட்காரலாம். போலீஸ் வாக்குமூலத்தில் மட்டும் அது பதிவாகி முடிந்துவிடக் கூடாது.